பொன்னாடையை மறுத்துவிடட்டுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்தின்போது திருப்புகழ் பாடினேன். "முருகனே உன் நாக்குல வந்து உட்கார்ந்துட்டான் தாயி" என்று பெரியவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். அன்றிலிருந்து சந்நிதியில் பாட நின்றாலே, பின்னால் யார் யார் கேட்கிறார்கள் என்றுதான் மனசு ஓடுகிறது. சுவாமியைப் பார்த்துப் பாட முடியவில்லை. இது கர்வம்தானே? இனி மரியாதை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
— ஒரு வாசகி, கொடைக்கானல் மலை

பதில்: அன்புச் சகோதரி,

மறுக்க வேண்டாம். ஆசையாகப் போர்த்த வருபவர்களைத் தடுத்தால் அவர்கள் மனசு நோகும். அதோடு, "பொன்னாடைகூட வேண்டாம்னுட்டாங்க, என்ன அடக்கம்!" என்று அதற்கும் ஒரு பாராட்டு வரும். அதை எப்படி மறுப்பீர்கள்? கைகூப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தோஷப்பட்டதிலும் தப்பில்லை. பாடும்போது கவனம் பின்னால் போகிறதே, அது கர்வத்தின் ஆரம்பம்தான். முளையிலேயே உங்களுக்கு அது தெரிந்துவிட்டது என்பதில் எனக்கு நிம்மதி.

உங்கள் ஊர்த் தலபுராணம் உங்களுக்குத் தெரியாததல்ல. அருணகிரிநாதர் பூம்பாறைக்கு வந்து இரவில் படுத்துத் தூங்குகிறார். அவரைக் கொல்ல ஓர் அரக்கி வருகிறாள். முருகன் குழந்தையாகி அவரிடம் வர, தாயும் பிள்ளையும் என்று நினைத்து அவள் விலகிப் போய்விடுகிறாள். அதனால்தான் சுவாமிக்குக் குழந்தை வேலப்பர் என்று பெயர். இந்தக் கதையில் என்னை உருக்குவது ஒன்று உண்டு. அவ்வளவு பாடியவர் அந்த நேரத்தில் பாடவில்லை, கும்பிடவில்லை, ஆபத்து வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதும் முருகன் ஓடி வந்தான். உங்கள் குரல் கட்டிப்போய் ஒரு வரிகூட வராத நாளிலும் அவன் உங்களை அப்படித்தான் பார்த்துக்கொள்வான். இதை நம்பிவிட்டால், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்களா என்று தேடும் தவிப்பு தானாகக் குறையும்.

இன்னொன்று. திருவண்ணாமலையில் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரியைத் தாங்கிப் பிடித்து, 'முத்தைத்தரு' என்று அடியெடுத்துக் கொடுத்ததே முருகன்தான் என்பார்கள். முதல் அடியே கொடுக்கப்பட்டது. அப்புறம் அந்தப் பாடல்கள் சுவடிகளில் சிதறிக் கிடந்தன. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை என்ற முன்சீப், ஊர் ஊராகத் தேடி எடுத்து 1894-ல் முதல் பாகத்தை அச்சிட்டார். அவரைப் போன்றவர்கள் அலைந்திருக்காவிட்டால் நீங்களும் நானும் எதைப் பாடியிருப்போம்? அந்தச் சந்தத்தை நாக்கு பிறழாமல் சொல்ல உங்களுக்கும் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருப்பார். அடுத்த முறை யாராவது புகழ்ந்தால் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். "நான் ஒண்ணுமில்லைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் இன்னும் நாலு வார்த்தை புகழ வேண்டியதாகிவிடும்.

வாரத்தில் ஒரு நாளாவது கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போய், மைக் இல்லாமல் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டு வாருங்கள். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம், வீட்டிலும்கூட. பாடும்போது மனசு மறுபடி பின்னால் ஓடினால் அதற்காக அழுதுகொண்டிருக்காமல், விட்ட அடியிலிருந்து தொடருங்கள்.

அடுத்த தேருக்கு, ஊரில் பாட ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து முன்னால் நிறுத்துங்கள். நீங்கள் பின்பாட்டுப் பாடுங்கள். பொன்னாடை அந்தப் பிள்ளையின் தோளுக்குப் போகும்போது மனசு குளிர்கிறதா, சுருக்கென்கிறதா என்று பாருங்கள். சுருக்கென்றால் அன்றைக்கே வேலப்பரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.