ஊஞ்சல், ஆத்தங்குடிக் கல், பத்தமடைப் பாய்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கைவினைப் பொருள்களை இன்றைய வீட்டில் வைத்துப் புழங்குவது பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

12-க்கு 10 அடி ஹாலுக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள சிமெண்ட் தரைக்கல்) போட விருப்பம். மற்ற அறைகளில் விட்ரிஃபைடு டைல்ஸ். எத்தனை கல் வாங்க வேண்டும்? கொத்தனாரிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

120 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 173 பிடிக்கும். வெட்டில் வீணாவது, உடைவது எல்லாம் சேர்த்து 185 வாங்குங்கள். 8 அங்குலக் கல் என்றால் 270 பிடிக்கும், 290 வாங்க வேண்டும். ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பூக்கல், கரைக்கல், வெறும் நிறக்கல் மூன்றும் தனித்தனிக் கணக்கு. கட்டம் போட்ட தாளில் ஹாலை வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்தக் கல் என்று குறித்து எண்ணுங்கள். கடைசியில் நாலு கரைக்கல் குறைந்து, மறுபடி செய்யச் சொன்னால் அதே நிறம் வராது. ஒவ்வொரு முறையும் கையால் கலக்கிற நிறம் அது.

உங்களுக்கு வரப்போகும் முதல் சிக்கல் உயரம். இந்தக் கல் ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம். அடியில் கலவை ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு அங்குலத்தை நெருங்கும், சில இடத்தில் தாண்டும். விட்ரிஃபைடு டைல்ஸோ அரை அங்குலம்கூட இருக்காது. ஹாலின் அடித்தளத்தை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் அறைவாசலில் கால் தட்டும், கதவுகளின் அடியை எல்லாம் செதுக்க வேண்டிவரும்.

கல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் தானே விளங்கும். இது சூளையில் சுட்டதல்ல. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குகிறார்கள். வெள்ளை சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பை அச்சின் அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்கிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்து உலர்த்தும்போது கண்ணாடி கழன்று வந்துவிடும். கல்லில் நீங்கள் பார்க்கிற மினுமினுப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான். மேல்பூச்சு எதுவும் கிடையாது.

அதனால்தான் மொசைக் தரைக்குப் போடுகிற பாலிஷ் மெஷினை இதன் மேல் ஏற்றக்கூடாது. கண்ணாடி கொடுத்த தோலை அது உரித்துவிடும். சிமெண்ட் பால் மேலே வழிந்து காய்ந்தால் கல் அதை உறிஞ்சிக்கொள்ளும், கறை போகவே போகாது. இணைப்பில் பால் விடும்போது ஒருவர் பூச, இன்னொருவர் ஈரத் துணியால் அப்போதே துடைத்துக்கொண்டு வர வேண்டும். பெயிண்ட், வயரிங், குழாய் வேலை அத்தனையும் முடிந்த பிறகே கல் போடுங்கள். ஒட்டுகிற கலவைக்கு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து போதும். ரப்பர்ச் சுத்தியால் கல்லின் நடுவில் தட்ட வேண்டும், மூலையில் தட்டினால் விண்டுவிடும். இணைப்பு, தாள் நுழையும் அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். வெள்ளை சிமெண்டில் கல்லின் நிறப்பொடியையே கொஞ்சம் கலந்து நிரப்பினால் கோடு தெரியாது. பிறகு மூன்று நாள் யாரும் நடக்கக் கூடாது.

பராமரிப்பு சுலபம். தினமும் வெறும் தண்ணீரில் துடைப்பது, வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் விட்டால் வழுக்கும், தூசியும் ஒட்டும். கால் படப்பட மெருகு ஏறுகிற தரை இது. செட்டிநாட்டு வீடுகளில் பல பத்தாண்டுகள் புழங்கிய தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எலுமிச்சை, புளி, தயிர் சிந்தினால் மட்டும் உடனே துடைத்துவிடுங்கள்.

குளியலறைக்கு இது வேண்டாம். அங்கே ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது ஆசிட் ஊற்றிவிடுவார்கள். அந்த இடத்துக்கு, ஆத்தங்குடி டிசைன் அச்சடித்த செராமிக் டைல்ஸே சரி. ஹாலுக்கு அதை அசல் என்று விற்றால் திருப்பிப் பாருங்கள். அசலின் முதுகு சாம்பல் நிற சிமெண்ட் மணல். ஓரத்தில் நிறம் தோல்போல் இல்லாமல் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும்.

கல் போட்டு நாலு மாதம் ஆகிறது. ஓரங்களில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. டைல்ஸ்காரர் லேசாக ஆசிட் விட்டுத் தேய்க்கலாம் என்கிறார்.
– வாசகர், கடலூர்

வேண்டவே வேண்டாம். ஆசிட், பொடியோடு சேர்த்து நிறத்தையும் தின்றுவிடும், அந்த இடம் சொரசொரப்பாகி நிரந்தரமாக மங்கிவிடும். பூத்திருப்பது உப்பு. கலவையிலும் மணலிலும் இருந்த உப்பை, அடியிலிருந்து மேலேறும் ஈரம் கரைத்துக் கொண்டுவந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. காய்ந்த தேங்காய் நாரால் தேய்த்துப் பெருக்கி எடுங்கள், பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய், மறுபடி பூக்கும். ஈரம் வற்ற வற்றப் பூப்பது குறைந்துகொண்டே வரும். அதுவரை மேலே எந்த சீலரும் அடிக்காதீர்கள், பாயும் விரித்து மூடாதீர்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் ஒரே மூலையில் மட்டும் நிற்காமல் பூத்தால், குற்றம் கல்லில் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. தேக்குப் பலகை ஊஞ்சல் மாட்ட முடியுமா? கூரையில் துளை போட்டு போல்ட் அடித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார்.
– வாசகர், சென்னை

முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனமுள்ள பலகை சரியாக 2 கன அடி மரம். தேக்கில் அது ஏறக்குறைய 36 கிலோ. சங்கிலி, மூன்று பேர் எல்லாம் சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டும். ஆடும்போது அந்தப் பாரம் சும்மா தொங்காது, முன்னும் பின்னும் இழுக்கும். இரட்டிப்புப் பாரம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் விரிந்து பிடிக்கிற சாதாரண போல்ட் இந்த இழுப்புக்கு ஆகாது. அது உராய்வால் நிற்பது. மாறி மாறி இழுக்க இழுக்கத் துளை தேய்ந்து, ஒரு நாள் சொல்லாமல் கழன்றுவிடும். கட்டும்போதே 16 மில்லிமீட்டர் கம்பிக் கொக்கியைக் கூரைக் கம்பிக்கு மேலாக வளைத்துக் கட்டி கான்கிரீட் போட்டுவிடுவதுதான் முறை. கட்டி முடித்த வீட்டில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் ரசாயனப் பசை விட்டுப் பதிக்கும் போல்ட்) வைக்கலாம், அதையும் பீமில் வைப்பது நல்லது. எங்கே பீம் ஓடுகிறது, கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் கட்டட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வந்து பார்த்துச் சொல்லட்டும். உங்கள் கூரை இன்னொருவருடைய தரை என்பதால் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். வெளியே நீட்டிய பால்கனியிலும், ஓடு பதித்த ஃபில்லர் கூரையிலும் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். இதெல்லாம் ஒத்துவராவிட்டால் மரச் சட்டத்தில் நிற்கிற ஊஞ்சல் இருக்கிறது. ஆட்டம் கொஞ்சம் குறையும், நிம்மதி கூடும்.

கொக்கி நான்கு வேண்டும். இடம் மிச்சம் என்று முன்பின் சங்கிலிகள் இரண்டையும் ஒரே கொக்கியில் சேர்த்து மாட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பலகை ஆடும்போது சாயும், உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் முன்னால் சரிவார்கள். பலகையின் அகலத்துக்கே கொக்கிகளும் விலகி இருந்தால் சங்கிலிகள் இணையாகப் போகும், எவ்வளவு ஆடினாலும் பலகை படுக்கைமட்டமாகவே இருக்கும். நீளவாக்கில் மட்டும் கொக்கிகளை இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி வைத்தால் பக்கவாட்டு அசைவு அடங்கும்.

தரையிலிருந்து பலகையின் மேல்பக்கம் 18 அங்குலம். முன்னால் நாலு அடி, பின்னால் மூன்று அடி வெற்றிடம் வேண்டும். பித்தளைச் சங்கிலி வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் உள்ளே இரும்பு.

எங்கள் வீட்டு ஊஞ்சல் இரவில் கிரீச்சிடுகிறது. எண்ணெய் விட்டும் நிற்கவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகியிருக்கும். அதன் மேலேயே எண்ணெய் விட்டால் பசைதான் கூடும். சங்கிலியைக் கழற்றி, கொக்கியையும் வளையத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் சுத்தமாகத் துடைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் மட்டும் தடவுங்கள். கழற்றியிருக்கும்போதே கொக்கியின் உள்வளைவை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்து, கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் சத்தத்தை விடுங்கள், கொக்கியை மாற்றுங்கள்.

பத்தமடைப் பாய் ஒன்றைக் கட்டில் தலைமாட்டுச் சுவரில் பதித்தோம். மழைக்காலத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்துவிட்டன.
– வாசகி, நாகர்கோவில்

கோரைக்குக் காற்று வேண்டும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த புல் அது, இழையாகக் கிழித்து நெய்த பிறகும் ஈரத்தை வாங்கி விடுகிற குணம் போகாது. பாயில் படுத்தால் உடம்பு குளிர்வதற்கும், சுவரில் ஒட்டிவைத்தால் பூஞ்சை பிடிப்பதற்கும் காரணம் அந்த ஒரே குணம்தான். பசை போட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்.

பாயைக் கழற்றி, வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் நெசவின் போக்கிலேயே தட்டி விடுங்கள். குறுக்கே தேய்த்தால் மெல்லிய கோரை இழை எழும்பிவிடும். காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். உச்சி வெயில் கூடாது, கோரை முறுகும், சாயம் வெளுக்கும். மறுபடி மாட்டும்போது மரச் சட்டம் அடித்து, பாய்க்கும் சுவருக்கும் நடுவே முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். மேலும் கீழும் காற்று போக வழி இருக்கட்டும். கண்ணாடி போடுவதானால் அது பாயைத் தொடக் கூடாது.

அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தால், வெட்டப்போகும் கோட்டுக்கு உள்பக்கம் மெஷினில் இரண்டு வரி தைத்துவிட்டு வெட்டுங்கள். பாவு நூல் ஓடிவிட்டால் பாய் அவிழ்ந்துகொண்டே போகும். வைத்துப் பாதுகாக்கும் பாயை மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறை ஆகாது.

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தகடு குமிழ் குமிழாக எழும்புகிறது. வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது.
– வாசகர், ஈரோடு

அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறையா என்று முதலில் பாருங்கள். ஓவியம் பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி எழுப்பியது. ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும், பலகை உப்பும், மேலே இருக்கிற தகடு தூக்கிக்கொள்ளும். விரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள், நீங்களே பசையும் தடவாதீர்கள். தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவரிடமே கொடுத்துச் சரிசெய்யுங்கள். திரும்பி வந்ததும் உள்சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டி, சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டுங்கள். கண்ணாடியைத் துடைக்கத் திரவத்தைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடி மேல் தெளித்தால் வழிந்து சட்டத்துக்குள் இறங்கும்.

காரைக்குடியில் பழைய மரத்தூண் இரண்டு வாங்க எண்ணம். எதைப் பார்த்து வாங்குவது? சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு ஒன்றை அனுப்ப முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூண், நிலை, கதவு எல்லாம் கிடைக்கும். கையில் ஒரு கெட்டி ஊசி கொண்டுபோங்கள். தூணின் அடிப்பாகத்தில் குத்திப் பாருங்கள், நல்ல தேக்கில் ஊசி இறங்காது. அடியில் ஆறு அங்குலம்தான் பெரும்பாலும் போயிருக்கும், மழைத்தண்ணீர் தெறித்த இடம் அது. ஊசித்துளை போன்ற ஓட்டைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்தத் தூண் வேண்டாம், வீட்டு மரச் சாமான்களுக்கும் பரவும். புதுப்பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தால் ஒரு விரல்கடை சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் நிறுத்தும்போது மரம் நேராகத் தரையைத் தொடக் கூடாது. அடியில் கல் பீடம் வையுங்கள், ஈரமும் கறையானும் ஏறாது. அலங்காரத்துக்காக நிறுத்துகிற பழைய தூணில் கூரைப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

மகளுக்கு அனுப்புவதில் சட்டம் குறுக்கே வரும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் உட்பட, தொல்பொருள் ஆகிவிடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய சிலை, ஓவியம், செதுக்கிய மரவேலை போன்றவற்றை வைத்திருப்பதற்கே பதிவு தேவைப்படலாம், பில்லும் கடையின் உரிமமும் கேட்டு வாங்குங்கள். மகளுக்கு, அதே அளவில் புதிதாகச் செதுக்கித் தரச் சொல்லுங்கள். புது வேலைப்பாடு என்று பில்லில் தெளிவாக எழுதி வாங்கினால் அனுப்புவதில் சிரமம் குறையும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கில் தண்டு வழியாக எண்ணெய் கசிகிறது.
– வாசகி, வேலூர்

பாகம் பாகமாகத் திருகி மாட்டுகிற விளக்கு அது. அகலைக் கழற்றி, திருகுப் பள்ளத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, பஞ்சுநூலை நாலு சுற்று சுற்றித் திருகுங்கள். நின்றுவிடும். புளி போட்டுத் தேய்க்கிற அன்றைக்கு எல்லாப் பாகத்தையும் கழற்றித் தேய்த்து, புளிப்பு போகக் கழுவி, ஈரம் துடைத்த பிறகு மாட்டுங்கள். திருகுக்குள் புளித்தண்ணீர் தங்கினால் களிம்பு பிடித்து இறுகிவிடும்.

பவானி ஜமுக்காளத்தை வெட்டி சோஃபா உறை தைக்கலாமா? துவைத்தால் சாயம் போகுமா?
– வாசகி, சேலம்

வெட்டாதீர்கள். தடித்த நூல் நெசவு, வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும், கோடுகளும் தையலில் ஒன்றோடொன்று சேராது. திவான் கட்டிலுக்கு என்றால் அதன் அளவைக் கொடுத்து அந்த அகலத்திலேயே நெய்து வாங்கி, அப்படியே விரியுங்கள். சோஃபாவுக்கு என்றால் முதுகிலிருந்து இருக்கைவரை ஒரே துண்டாகப் போர்த்தி, முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் ஒரு கழியைச் செருகினால் நழுவாது. முதல் இரண்டு துவைப்பில் கொஞ்சம் சாயம் வரும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்காமல் அலசி, பிழியாமல் கொடியில் இரட்டையாகப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். நனைந்த ஜமுக்காளம் நல்ல கனம், கொடிக்கயிறு உறுதியாக இருக்கட்டும்.