எம்எம் 540-க்குப் படி: பாடியில் வெல்டு வேண்டாம்

நண்பரே, தரையிலிருந்து 3 அங்குலம் கூடுதலாகத் தூக்கிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் அம்மாவால் ஏற முடியவில்லை, பட்டறையில் பாடியோடு சேர்த்துப் படியை வெல்டு வைக்கலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பாடி மெல்லிய தகடு. ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆள் ஏற ஏற வெல்டைச் சுற்றித் தகடு விரிசல் விடும், துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

படியைச் சேஸிஸிலேயே, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்திலேயே மாட்டுங்கள். பக்கத்துக்கு 2 பிராக்கெட், 6 மி.மீ. தகட்டில், சேஸிஸின் நிமிர்ந்த பக்கவாட்டில் போல்ட் போட்டு. மேல், கீழ் விளிம்புகளில் துளை போட விடவே கூடாது. பாரத்தை அதிகம் தாங்குவது அவைதான். டிரில்லை எடுக்கும் முன் உள்பக்கம் பிரேக் பைப், ஒயர் போகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

மலைப்பாதை, காட்டுப்பாதை ஓட்டுவீர்கள் என்றால் முழு நீளப் படி வேண்டாம். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்குவதுதான் மேட்டில் முதலில் தட்டும்; வண்டியைத் தூக்கிய பலனே போய்விடும். ஏறும் இடத்துக்கு நேராக ஓரடி அகலம், கால் வழுக்காத செக்கர் பிளேட் (புடைப்பு வைத்த தகடு), கழற்றி வைக்கிற மாதிரி இருந்தால் போதும்.

அம்மாவுக்காக டேஷ்போர்டு ஓரத்தில் உறுதியான கைப்பிடி ஒன்றும் போடுங்கள். முட்டிவலி இருப்பவர்களுக்குப் படியைவிட அதுதான் பெரிய உதவி.