கடன் செயலிக்கு என் காலண்டர் எதற்கு?

கேள்வி: தவணைத் தேதியை நினைவூட்டுவதற்கு என்று சொன்னதால், கடன் செயலி ஒன்றுக்குக் கைபேசிக் காலண்டரைப் பார்க்க அனுமதி கொடுத்தேன். மூன்றாவது தவணை பத்து நாள் தள்ளிப்போயிற்று. வசூல் முகவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, "14ஆம் தேதி பெண்ணுக்குக் காதுகுத்து வைக்கப் பணம் இருக்கிறது, தவணைக்கு இல்லையா? அன்றைக்கு வீட்டுக்கே வருகிறோம்" என்கிறார். அந்தத் தேதியைக் காலண்டரில் மட்டும்தான் குறித்திருந்தேன். நானே அனுமதி கொடுத்துவிட்டதால் புகார் செய்ய முடியாதா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். நீங்கள் சம்மதித்தது தவணையை நினைவூட்டுவதற்கு. உங்கள் வீட்டு விசேஷத்தைப் படித்து, அதையே சொல்லி மிரட்டுவதற்கு அல்ல. நீங்கள் எதற்கும் குறுகிப்போக வேண்டாம்.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள்தான் உங்களுக்கு வலுவான பிடி. 2022 செப்டம்பரில் வந்த இவை 2025 மே மாதம் தொகுத்து வெளியிடப்பட்டன. கைபேசியில் உள்ள கோப்புகள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் முதலியவற்றைக் கடன் செயலி தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றைக்கூட அடையாளச் சரிபார்ப்புக்காக ஒருமுறை மட்டும், சம்மதம் பெற்றுப் பயன்படுத்தலாம். காலண்டர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் தேவைக்கு மேல் தகவல் திரட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. தவணையை நினைவூட்ட ஒரு குறுஞ்செய்தி போதாதா? காலண்டரில் குறிப்பதாக இருந்தாலும், ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் 'நிகழ்வைச் சேர்க்க மட்டும்' என்று தனி அனுமதியே உண்டு. மற்ற நாட்களில் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று படிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வாதத்தைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள்.

இரவு ஒன்பது மணி அழைப்பு தனிக் குற்றச்சாட்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவ ஆலோசனைச் செயலி தொடர்பு எண்களையும் கேட்டு, நாம் சரி என்றாலும், சேவைக்கு வேண்டியதற்கு மட்டுமே அந்தச் சம்மதம் செல்லும் என்று அதன் 6ஆம் பிரிவே உதாரணம் காட்டுகிறது. ஆனால் அந்தப் பிரிவு 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. எனவே இன்றைய புகாரை அதன்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள்.

செயலியை இப்போதே நீக்கிவிடாதீர்கள். அனுமதிப் பக்கத்தையும் அழைப்புப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு, காலண்டர் அனுமதியை அணையுங்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், எடுத்த தகவலை அழிக்க வேண்டும் என்றும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்படிக் கேட்கும் உரிமையை அதே கடன் விதிகள் உங்களுக்குத் தருகின்றன. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448. செயலிக்குப் பின்னால் பதிவுபெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ இல்லையென்றால் நேராக சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். வீட்டுக்கு வருவதாக மிரட்டியதை, அழைத்த எண், நேரத்தோடு எழுதிக் கொடுங்கள்.

நிறுவனம் பதிவுபெற்றதாக இருந்தால், நிலுவைத் தவணையை முடிந்தவரை விரைவில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்ததால் வட்டி நின்றுவிடாது.