ஜப்பானில் முதியோர் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் இருக்க, நானும் மனைவியும் தனியே வாழ்கிறோம். ஜப்பானில் வயதானவர்களை அரசாங்கமே இல்லங்களில் வைத்துப் பராமரிப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? அத்தகைய ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. ஜப்பானியரில் ஏறத்தாழ நூற்றுக்கு 29 பேர் 65 வயதை எட்டியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் இன்றும் வீடுகளிலேயே வாழ்கின்றனர். அதற்குக் கைகொடுப்பது 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்புறுதித் திட்டம். 40 வயதிலிருந்து அனைவரும் அதற்குக் கட்டாயமாகச் சந்தா செலுத்துகின்றனர்; பயனாளி தம் வருமானத்துக்கேற்பக் கட்டணத்தில் 10 முதல் 30 வீதத்தைச் செலுத்த, மீதியைச் சந்தாப் பணமும் வரிப்பணமும் சரிபாதியாக ஏற்கின்றன. இல்லத்தில் தங்குபவர் அறைக்கும் உணவுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும்.

உதவி வேண்டுபவர் தம் உள்ளூராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்ததும், உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து, எழுந்து நடக்கிறாரா, தாமாக உண்கிறாரா, நினைவு தடுமாறுகிறதா என்றெல்லாம் 74 விடயங்களைக் கேட்டறிகிறார். அந்த விவரங்களையும் வைத்தியரின் அறிக்கையையும் ஆராயும் குழு, உதவி தேவை என்று கண்டால் அவரை ஏழு படிகளுள் (இலேசான உதவிக்கு இரண்டு, அதற்கு மேல் பராமரிப்புக்கு ஐந்து) ஒன்றில் சேர்க்கிறது. அரச மானியம் பெறும் விசேட பராமரிப்பு இல்லங்களில், 2015 முதல், பராமரிப்புப் படி மூன்றோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கே பொதுவாக இடம் கிடைக்கும். மறதி நோயாளர் ஐந்து முதல் ஒன்பது பேர் வரை ஒரே வீட்டில் சமைத்தும் துணி மடித்தும் சேர்ந்து வாழும் சிறு இல்லங்கள் வேறு உண்டு.

என்னை அதிகம் கவர்ந்தவை பகல் நிலையங்களே. காலையில் வான் வாசலுக்கு வந்து முதியவரை ஏற்றிச் செல்லும். அங்கே அவரைக் குளிப்பாட்டி, மதிய உணவு கொடுத்து, உடற்பயிற்சி செய்வித்து, மாலையில் வீடு சேர்ப்பார்கள். (வழுக்கும் குளியலறையில் தகப்பனைத் தனியே தாங்கிப் பிடித்தவர்களுக்கு அந்தக் குளிப்பாட்டலின் அருமை தெரியும்.) 2006 முதல் இயங்கும் சிறிய பல்பணி நிலையங்களில், அதிகபட்சம் 29 பேரே பதிவு செய்யலாம் என்பதால், பகலில் கவனிப்பவர், இரவு தங்கினால் துணையிருப்பவர், வீடு தேடி வருபவர் எல்லோரும் பழகிய முகங்களாகவே இருக்கின்றனர். ஆனால் அந்நாடும் பராமரிப்பு ஊழியர் பற்றாக்குறையால் திண்டாடுகிறது.

இலங்கையிலும் அதே 2000ஆம் ஆண்டில் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அதன் பின்னால் அத்தகைய காப்புறுதி நிதி எதுவும் இல்லை. போக்கிடம் அற்றவர்களுக்குக் கைதடி முதியோர் இல்லம் போன்றவை அடைக்கலம் தருகின்றன. உங்களைப் போன்றோருக்கோ வீடும் உண்டு, பிள்ளைகள் அனுப்பும் பணமும் உண்டு. இல்லாதது பகலில் ஒரு துணை. ஆகவே புதிய இல்லங்கள் கட்டுவதைவிடப் பகல் நிலையங்களை அமைப்பதே நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையக் கட்டடங்களில், சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறையும் ஒரு வானும் பயிற்சி பெற்ற ஓரிரு பணியாளரும் இருந்தால் தொடங்கிவிடலாம். வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் கட்டடத்துக்கு ஒருமுறை பணம் தருவதோடு நில்லாமல், மாதச் சம்பளத்தையும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அதுதான் கடினமான பகுதி.

கேள்வி: ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குச் செல்ல என் மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள். அங்கேயே நிரந்தரமாக இருக்க முடியுமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: 2019இல் தொடங்கிய விசேட திறன் விசாவில் செல்வதாயின், பொது மொழித் தேர்வு, பராமரிப்பு மொழித் தேர்வு, தொழில் திறன் தேர்வு ஆகியவற்றில் சித்தியடைய வேண்டும். அந்த விசாவில் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரையே பணியாற்றலாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. அங்கே பணிபுரியும்போதே பராமரிப்புப் பணியாளருக்கான தேசியத் தேர்வில் தேறினால், புதுப்பித்துக்கொண்டே இருக்கக்கூடிய வேறு விசாவுக்கு மாறிக் கணவனையும் பிள்ளைகளையும் அழைக்கலாம். அந்தத் தேர்வுக்கு வேண்டிய மொழியறிவு மிக அதிகம் என்பதால், விசா கிடைத்ததும் படிப்பை நிறுத்திவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.