சம்பளம் கூடினால் உதவித்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். கணவருக்கு நிலையான வேலை இல்லை. பிள்ளைகளுக்கான உதவித்தொகை, வாடகை மானியம், மருத்துவ அட்டை மூன்றும் அரசிடமிருந்து வருகின்றன. இப்போது எனக்கு மேற்பார்வையாளர் பொறுப்பு தருகிறார்கள். சம்பளம் 12 சதவீதம் கூடும். ஆனால் வருமான வரம்பைத் தாண்டிவிடுவேன், எல்லாம் போய்விடும் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். கூடுதல் பணத்தைக் கணக்கில் காட்டாமல் கையில் வாங்கிக்கொள் என்கிறார் ஒருவர். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பதவி உயர்வை வேண்டாம் என்பவர்களைச் சோம்பேறி என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சம்பளம் ஏறும்போது வீட்டு வருமானம் இறங்குவது, சட்டம் எழுதியவர்கள் போட்ட கணக்கின் விளைவு. பிரிட்டனில் வறுமை ஒழிப்புக்காக உழைத்த ஃபிராங்க் ஃபீல்டும் ஆய்வாளர் டேவிட் பியாஷோவும் 1971-லேயே இதை 'வறுமைப் பொறி' என்று எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பொறி இன்னும் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது.

ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் இன்றைய நிலை: சம்பளம் 100, பிள்ளைகளின் உதவி 8, வாடகை மானியம் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 118. வலது பக்கம் புதிய நிலை: சம்பளம் 112. வரம்பைத் தாண்டியதும் பிள்ளைகளின் உதவி முழுதாக நின்றுவிடுகிறது. வாடகை மானியம் கூடுதல் சம்பளத்தில் பாதி அளவுக்கு, அதாவது 6 குறைந்து, 4 ஆகிறது. கூடுதல் பிடித்தமும் போக்குவரத்தும் 1. மிச்சம் 115. சம்பளம் 12 கூடியும் வீட்டுக்கு 3 நஷ்டம்.

இதே கணக்கில் ஒரே ஒரு விதியை மாற்றிப் பாருங்கள். பிள்ளைகளின் உதவி ஒரேயடியாக நிற்காமல் படிப்படியாகக் குறைந்து 5-இல் நின்றால், கையில் 120 இருக்கும். லாபம் வெறும் 2 தான், ஆனாலும் லாபம். பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித் திட்டத்தில் வரி போக வரும் ஒவ்வொரு 100 பவுண்டு கூடுதல் வருமானத்துக்கும் 63 பவுண்டு உதவி வெட்டப்பட்டது. 2021-இல் அதை 55 ஆக்கினார்கள். பிரேசிலில் 2023-இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் போல்சா ஃபமீலியா திட்டத்தைப் புதுப்பித்தபோது, வருமானம் ஓரளவு உயர்ந்த குடும்பத்துக்குக் குறிப்பிட்ட காலம் வரை பாதித் தொகை தொடரும் என்று விதி வைத்தார்கள். உங்கள் திட்டத்தில் அப்படி ஒரு அவகாசம் உண்டா? அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வரம்பைப் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் பார்க்கிறார்களா, கைக்கு வருவதிலா, மாதக் கணக்கா, வருடக் கணக்கா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் மருத்துவ அட்டை. தாளில் இதற்கு எண் போட முடியாது, அதனால்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டு வருமானத்தில் 3 குறைந்தால் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். அட்டை இல்லாத நேரத்தில் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், பல வருடச் சம்பள உயர்வு ஒரு வாரத்தில் கரைந்துபோகும். அட்டைக்கு வேறு வரம்பு இருக்கலாம், பிள்ளைகளுக்கு மட்டும் தொடரலாம். தனியாக விசாரியுங்கள்.

கணக்கில் காட்டாமல் வாங்குவது கூடவே கூடாது. பிடிபட்டால் வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அபராதமும் வரலாம். அதைவிட, சம்பளச் சீட்டில் ஏறாத பணத்துக்கு ஓய்வூதியம் சேராது. வேலை போனால் இழப்பீட்டையும் பழைய சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள்.

நேர் வழியில் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. கூடுதல் தொகையில் ஒரு பங்கை ஓய்வூதிய நிதியில் சேர்க்க முடியுமா என்று நிர்வாகத்திடம் பேசுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் வருமானத்தைப் பார்க்கிறார்கள். உங்கள் திட்டத்திலும் அப்படியென்றால் வரம்புக்குள்ளேயே நிற்கலாம், பணமும் உங்களுடையதாகவே இருக்கும்.

சேமிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சில திட்டங்கள் வங்கியில் இருக்கும் பணத்தையும் பார்க்கும். அமெரிக்காவில் வருமானம் குறைந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் தரும் எஸ்எஸ்ஐ உதவியில், தனி ஒருவர் வைத்திருக்கக்கூடிய சொத்தின் வரம்பு 2,000 டாலர். 1989-இலிருந்து அது ஏறவே இல்லை. விலைவாசி ஏற ஏற வரம்பு அங்கேயே நின்றால், யாரும் சட்டம் போடாமலேயே உதவி வெட்டப்படுகிறது. பட்ஜெட் வரும்போது புது அறிவிப்புகளை மட்டும் பார்க்காமல், பழைய வரம்புகளை உயர்த்தினார்களா என்றும் பாருங்கள்.

மாதா மாதம் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பேரான திட்டத்தில், அரசு உதவி வாங்கியவர்களின் வருட வருமானத்தை இரண்டு வாரத் துண்டுகளாகச் சராசரி போட்டு, வாங்காத கடனை ஏழைகள் தலையில் கட்டினார்கள். அது சட்டவிரோதம் என்று முடிவாகி, 2023-இல் அதை விசாரித்த ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. பல வருடம் முந்தைய சீட்டைத் தேடி எடுத்து நிரூபிக்கச் சொன்னபோது பலரிடம் அது இல்லை.

சரி, முடிவு. மருத்துவ அட்டை தொடரும் என்றால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், முதல் சில மாதம் 3 குறைந்தாலும். அடுத்த உயர்வு 112-இலிருந்து தொடங்கும். உதவியோ பிள்ளைகள் வளர்ந்ததும் எப்படியும் நிற்கும். அட்டை போய்விடும், வேறு காப்பீடும் இல்லை என்றால், நிர்வாகம் காப்பீடு தரச் சம்மதிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அலுவலகம் சொல்லும் பதிலை, அதிகாரியின் பெயரும் தேதியும் போட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்தவர்கள் பின்னால் கடிதம் வந்ததும் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.