கூட்டத்தில் ஒரு கோழி போன பிறகு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஐந்து கோழிகளில் எல்லாவற்றையும் அதட்டி வைத்திருந்த மூத்தது நேற்று இறந்துவிட்டது. எப்போதும் அதை ஒட்டியே அடையும் கருப்புக் கோழி அந்த இடத்தில் போய் நின்று கேறிக்கொண்டே இருக்கிறது. மற்ற மூன்றும் சண்டை. இது துக்கமா?

பதில்: இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது தம்பி. கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் காணும். பக்கத்தில் அடைந்தது காணவில்லை என்றால் தேடும். கழுத்தை நீட்டி ஒரு குரல் கொடுக்கும், சற்று நிற்கும், மறுபடி கொடுக்கும். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

சண்டை வேறு கதை. யார் யாரைக் கொத்தலாம் என்று கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த ஷெல்டரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, இதை 1922இல் எழுதி வெளியிட்டார். தலைக்கோழி போனால் அந்த இடம் காலி. அடுத்த நிலையில் இருப்பவை பிடரி மயிரைச் சிலிர்த்து நெஞ்சோடு நெஞ்சு மோதும். ரத்தம் வராதவரை குறுக்கே போகாதீர்கள். தீனித் தட்டையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் கடைசியில் இருப்பது பட்டினி கிடக்கும்.

துக்கம் என்ற சொல்லை நான் மறுக்கமாட்டேன். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. குஞ்சுகள் மேல் லேசாகக் காற்று ஊதியபோது, பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழிகளின் இதயத் துடிப்பு ஏறியது. இன்னொன்றின் அவஸ்தை கோழியைத் தொடுகிறது. அது தாய்க்கும் குஞ்சுக்கும் இடையே பார்த்தது, சாவைப் பற்றியது அல்ல. இருந்தாலும் கோழிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்பவர்களோடு நான் இல்லை.

ஆனால் கத்தித் தேடுகிற கோழியைப் பற்றி எனக்குப் பயமில்லை. உடம்பை உப்பி, கழுத்தைச் சுருக்கி, கண்ணை மூடி ஓரமாக நிற்கிற கோழிதான் பயம். அதை ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள், அது நோய். எச்சத்தைப் பாருங்கள், கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: கூட இருந்தது செத்ததிலிருந்து முட்டை இல்லை.

பதில்: அதிர்ச்சியில் சில நாள் நிற்கும். இரண்டு வாரம் தாண்டினால் இறகு உதிர்க்கிறதா, பகல் நேரம் குறைந்துவிட்டதா, இரவில் கூண்டு இடுக்கில் செள்ளு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: எப்போது புதுக் கோழி விடலாம்?

பதில்: முதலில் செத்தது எதனால் என்று தெரிய வேண்டும். அப்புறம் புதியதை 30 நாள் தனியே, வேறு தட்டு, வேறு தண்ணீர். பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம். ஒரே ஒரு கோழியை விடாமல் இரண்டு கோழியாக விடுங்கள், கொத்து பிரிந்து விழும்.

கேள்வி: செத்த கோழியை மற்றவற்றுக்குக் காட்ட வேண்டும் அக்கா. நான் அரை மணி நேரம் அப்படியே விடுவேன். சுற்றி வந்து பார்க்கும், அப்புறம் தேடாது.

இன்னொருவர்: தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். என் வீட்டில் அதன் கண்ணையே கொத்தின.

பதில்: இருவர் கண்டதும் நடக்கக்கூடியதே. கோழிகள் நின்று பார்க்கும். சில லேசாகக் கொத்தி எழுப்பப் பார்ப்பதுபோல் இருக்கும். காயமும் ரத்தமும் இருந்தால் அதே கொத்து தின்பதாக மாறும், அந்தப் பழக்கம் உயிரோடு இருப்பவை மேலும் திரும்பும். நோயில் செத்தது என்றால் பேச்சே இல்லை. வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் இரண்டும் எச்சத்திலும் மூக்குச்சளியிலும் பரவும்.

முதலாமவர்: வயதாகிச் செத்ததற்குமா?

பதில்: வயதானதால் என்று யார் சொன்னது? உடலை அறுத்துப் பார்த்தீர்களா? விபத்து என்று கண்ணால் கண்டு, காயமும் இல்லையென்றால், நீங்கள் பக்கத்திலேயே நின்று சில நிமிடம் காட்டுங்கள், தடுக்கவில்லை. அரை மணி நேரம் கூடாது.

இன்னொருவர்: சில நிமிடமும் எதற்கு? தேடுவது தானாக நிற்கிறதே.

பதில்: நிற்கும்தான். காட்டாமல் விட்டாலும் குறையில்லை. காட்டுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், அவ்வளவே. இதை இத்தோடு விடுவோம், கீழே அவசரக் கேள்வி ஒன்று காத்திருக்கிறது.

கேள்வி: ஒரு வாரத்தில் மூன்றாவது கோழி. கொண்டை நீலமாகிவிட்டது.

பதில்: இப்போதே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். உடலை வெறும் கையால் தொடாதீர்கள். இரண்டு பையில் கட்டி, உணவு வைக்காத குளிர்ந்த இடத்தில் வையுங்கள், உறைய விடாதீர்கள், உறைந்தால் பரிசோதனை கெடும். கூண்டுக்குப் போன செருப்போடு வேறு கோழிகளிடம் போகாதீர்கள்.

கேள்வி: இருந்ததே இரண்டு. இப்போது ஒன்று மட்டும், நாள் முழுக்க என் பின்னாலேயே வருகிறது.

பதில்: வரட்டும், விரட்டாதீர்கள். கோழி தனியாக வாழப் பிறந்ததல்ல. உங்கள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் பகலில் விடுங்கள், கூண்டுக்குள் ஒரு கண்ணாடி வைத்தால் சிலவற்றுக்குப் படபடப்பு குறையும். ஆனால் இதெல்லாம் தற்காலிகம். துணை கொண்டுவாருங்கள், அதே 30 நாள் தனியே வைத்த பிறகு சேருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் சும்மா ஒரு பெட்டை தருகிறார்கள். இன்றே சேர்க்கலாமா?

பதில்: 30 நாள். மேலே இரண்டு தடவை எழுதிவிட்டேன். சும்மா வந்தாலும் 30 நாள்தான்.

கேள்வி: எங்கள் வாத்துகளும் இப்படித்தான் செய்கின்றன...

பதில்: வாத்து வளர்த்தவரைக் கேளுங்கள். எனக்குக் கோழி மட்டும்தான் தெரியும்.