விளக்குமாற்றால் தள்ளிய மாம்பழம்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பெரிய வீட்டின் ஒரு பாதியில் நானும் கணவரும் குடியிருக்கிறோம். மகள் அமெரிக்காவில், ஜார்ஜியாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை, இரண்டு பையன்களோடு ஜூலையில் வருகிறாள். பெரிய பேரன் போனில், "ஆயா, பீச் காப்ளர் செஞ்சு வைப்பியா?" என்று கேட்டான். பழமும் மாவும் சேர்த்துச் சுடுகிற அந்த இனிப்புக்காகவே ஓவன் வாங்கினேன். பீச் டின் வரவழைத்து இரண்டு தடவை செய்து பார்த்தேன். 220 டிகிரி வைத்தேன். மேலே கருகுகிறது, நடுவில் களி மாதிரி இருக்கிறது, சோப்பு வாடை வேறு. பேக்கிங் பவுடர் இல்லாததால் ஆப்ப சோடாதான் போட்டேன், இரண்டும் ஒன்றுதானே? கொல்லையில் நீலம் ரக மாமரம் இருக்கிறது. பங்கு பிரித்தபோது அது என் மூத்த ஓரகத்தி பக்கம் போய்விட்டது. அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் அந்தப் பக்கம், பிள்ளைகள் சென்னையில். நாங்கள் பேசி இரண்டு வருஷமாகிறது. கிளை எங்கள் பக்கம் சாய்ந்திருப்பதால் பழம் எங்கள் கொல்லை வாசலில் விழும். காலையில் கூட்டும்போது அவர்கள் பக்கமே தள்ளிவிடுவேன். ஆச்சியும் எடுப்பதில்லை, அணில்தான் தின்கிறது. அது கிடக்கட்டும். முட்டை இல்லாமல், சுலபமாக, காப்ளர் சரியாக வர வழி சொல்லுங்கள். பெரியவனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. பழைய எனாமல் மங்குத் தட்டில் சுடலாமா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: "அது கிடக்கட்டும்" என்று எழுதிவிட்டீர்கள். அது கிடக்கக் கூடாது, அம்மா. உங்கள் காப்ளர் கெட்டதே அங்கேதான்.

பங்குச் சண்டைக் கடிதங்கள் எனக்கு வாரத்துக்கு நாலு வரும். கிணற்றுப் பங்கு, நிலைக்கதவுப் பங்கு, ஆத்தாவின் வெள்ளிக் குத்துவிளக்கு யாருக்கு என்பது. எல்லாரும் பத்திரம், படி, வக்கீல் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நீங்கள் ஒரே வரியில் விளக்குமாற்றைக் காட்டிவிட்டீர்கள். ஒரு பருக்கை காலில் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் நம் ஊர். அந்த ஊரில், மரம் தானாகப் போட்ட பழத்தை, பழுத்து மணக்கிற நீலத்தை, தினமும் காலையில் குப்பையோடு சேர்த்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறீர்கள். "உன் பொருள் எனக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, விளக்குமாற்றை விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அது புரியாமலா இருக்கும்? அதனால்தான் அவரும் அந்தப் பழத்தைத் தொடவில்லை. விளக்குமாறு பட்டு வந்த பழத்தை நீங்களானால் எடுப்பீர்களா?

இன்னொன்று கேட்கிறேன். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை என்கிறீர்கள். கிளை உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறீர்கள். மரம் அவர்களுடையது. ஒரு ஆளும் ஒரு அரிவாளும் அரை மணி நேரம் வந்தால் அந்தக் கிளை இருக்காது. இருக்கிறதே! வெட்டாமல் விட்டவர் யார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? கடிதம் முழுக்க "ஓரகத்தி", "அவர்கள் பக்கம்" என்று கவனமாக எழுதிக்கொண்டு வந்த உங்கள் கை, அணில் வந்த இடத்தில் மட்டும் தவறி "ஆச்சி" என்று அவரை உறவு சொல்லி எழுதிவிட்டது. கை சொன்னதை நான் நம்புகிறேன்.

உடனே, "நீங்கள் சும்மா சொல்கிறீர்கள், எங்கள் வீட்டு விஷயம் தெரியாது" என்பீர்கள். எல்லா வீட்டு விஷயமும் தெரியாதுதான். ஆனால் செட்டிநாட்டு வீட்டில் ஏன் அடுப்பைப் பிரித்தார்கள் என்பது தெரியும். பையனுக்குக் கல்யாணமானால் அவன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அவனுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு, வேறு வைத்துவிடுவார்கள். சண்டை போட்டு வேறு வைப்பதில்லை, சண்டை வராமலிருக்கத்தான் வேறு வைத்தார்கள். ஒரே வளவில் நாலு அடுப்பு தனித்தனியாக எரியும். முற்றம் ஒன்றுதான், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் பந்தியும் ஒன்றுதான். அடுப்பைப் பிரித்த பெரியவர்கள் பழத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. அதை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள்.

(உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தம்பி பாகத்தை முகப்பில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள், கசப்பை மட்டும் அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கும் ஒரு கடிதம் எழுத எனக்கு ஆசைதான், இடமில்லை.)

இப்போது காப்ளர்.

அமெரிக்காவில் போய்க் குடியேறிய வெள்ளைக்காரர்கள், ஊரில் செய்த புட்டிங்குக்கு வேண்டிய சாமானும் அடுப்பும் கிடைக்காமல், கையில் கிடைத்த பழத்தைச் சட்டியில் போட்டு, மாவை மேலே தள்ளி, கனலில் வைத்து எடுத்த பண்டம் அது. பீச் கிடைத்த இடத்தில் பீச், பிளாக்பெர்ரி கிடைத்த இடத்தில் பிளாக்பெர்ரி, ஆப்பிள் கிடைத்தால் ஆப்பிள். வாசலில் விழுகிற பழத்துக்கென்றே பிறந்த பலகாரம். அதைச் செய்ய நீங்கள் விழுந்த பழத்தைத் தள்ளிவிட்டு, கடல் தாண்டி டின் வரவழைத்திருக்கிறீர்கள். அதுவும் யாருக்கு? ஜார்ஜியாக்காரனுக்கு. பீச்சுக்கே பேர்போன மாநிலம் அது. ஜூலையில் அங்கே பீச் பழம் சாலையோரக் கடைகளில் கூடை கூடையாக இருக்கும். அதை விட்டுவிட்டு இத்தனை தூரம் வருகிற பிள்ளைக்கு டின் பீச்சா கொடுப்பார்கள்? அவன் பீச் என்று கேட்டது அவனுக்குத் தெரிந்த பெயர் அதுதான் என்பதால். மாம்பழக் காப்ளர் என்று ஒன்று இருப்பதை அவனுக்கு யார் சொல்வது? ஆயாதான் சொல்ல வேண்டும்.

நடுவில் களியானதற்குப் பாதிக் காரணம் அந்த டின்தான். பாகோடு கொட்டியிருப்பீர்கள், அத்தனை தண்ணீரை அந்த மாவு தாங்காது. மீதிக் காரணம் 220 டிகிரி. சின்ன ஓவனில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும், மேலே கருகும்போது நடுவுக்குச் சூடே போயிருக்காது. சோப்பு வாடை ஆப்ப சோடாவால் வந்தது. இரண்டும் ஒன்றில்லை. சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். பாலும் சர்க்கரையும் மட்டும் உள்ள மாவில் அது முழுக்க வேலை செய்யாமல் நின்று வாயில் தெரியும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. காரைக்குடியில் எந்த மளிகைக் கடையிலும் சின்ன டப்பா கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

நீலம் நாலைந்து பழம் எடுத்துக்கொள்ளுங்கள், தோல் சீவி நறுக்கினால் மூன்று கப் வர வேண்டும். கப் என்றால் 240 மில்லி பிடிப்பது, டீ கிளாஸ் இல்லை. முழுக்கக் கனிந்து குழைந்தது வேண்டாம், அழுத்தினால் லேசாகக் கொடுக்கிற பதம். நீலத்துக்குள் வண்டு இருக்கும், உங்களுக்கே தெரியும். கொட்டையை ஒட்டி வெட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள், பேரன் தட்டில் வண்டு வந்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் மாம்பழம் தொடமாட்டான். நறுக்கியதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழச் சாறு போட்டுப் பிசிறி வையுங்கள். சாறு ரொம்ப விட்டுக்கொண்டால் வடித்து நீங்கள் குடித்துவிடுங்கள், தட்டில் ஊற்ற வேண்டாம்.

ஓவனை 180 டிகிரியில் பத்து நிமிஷம் சூடாக்குங்கள். 9 அங்குலச் சதுரத் தட்டில் 100 கிராம் வெண்ணெயைப் போட்டு உள்ளே வைத்தால் அதுவே உருகும். அதற்குள் ஒரு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு (வெண்ணெயிலேயே உப்பு இருந்தால் வேண்டாம்) கலந்து, ஒரு கப் பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பால் வேண்டாம். உருகிய வெண்ணெய் மேல் அந்த மாவை ஊற்றுங்கள். கரண்டி போடாதீர்கள். அதன் மேல் பழத்தைத் தூவுங்கள். அப்போதும் கரண்டி போடாதீர்கள். வெண்ணெய் ஓரத்தில் தனியாக மிதக்கிறதே, பழம் மேலே நிற்கிறதே என்று கை துறுதுறுக்கும். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவை எண்ணெயில் ஊற்றிவிட்டுத் தானே எழும்பட்டும் என்று காத்திருக்கிறீர்கள் அல்லவா, அதே பொறுமைதான் இங்கேயும். மாவு பழத்துக்கு நடுவே புகுந்து மேலே எழும்பிவரும், பழம் அடியில் இறங்கும், வெண்ணெய் ஓரத்தைப் பொரித்து மொறுமொறுப்பாக்கும்.

தட்டை நடுவில் வைக்காமல் ஒரு படி கீழே வையுங்கள். 45 முதல் 50 நிமிஷம். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைப் போட்டு மூடுங்கள். நடுவில் மாவு இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு குச்சியைக் குத்தினால் ஈரமாவு ஒட்டக் கூடாது, பழச்சாறு ஒட்டினால் பரவாயில்லை. எடுத்த உடனே வெட்டாதீர்கள், அரை மணி நேரம் விட்டால் சாறு கெட்டிப்படும். இளஞ்சூட்டில் கிண்ணத்தில் எடுத்து மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் வைத்துக் கொடுங்கள். காப்ளரில் முட்டை இல்லை, ஆனால் ஐஸ்கிரீம் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மங்குத் தட்டு வேண்டாம். பழைய சாமான், எங்காவது பெயர்ந்திருக்கும், பழத்தின் புளிப்பு அதில் பட வேண்டாம். ஓவனில் வைக்கிற கண்ணாடித் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மங்குத் தட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. அதை எடுத்துத் துடைத்து, நாளைக்குக் காலையில் விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்னால், வாசலில் விழுந்து கிடக்கிற பழத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி அதில் வையுங்கள். அணில் கடித்ததை விட்டுவிடுங்கள். கழுவி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், "ஆச்சி, ஜூலையில பேரப்பிள்ளைக வருது, இதுல எனக்கு நாலு பழம் வேணும்" என்று கேளுங்கள். பங்கைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை வேண்டாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாளும் பழம் விழும், மறுநாளும் போகலாம். இரண்டு வருஷம் தள்ளியதற்கு நாலு நாள் நடை ஒன்றும் அதிகமில்லை. உங்கள் மகளுக்கு அவர் பெரியாத்தா. வந்து இறங்கிய அன்றே அவள் அந்தப் பக்கம் போகத்தான் போகிறாள். அதற்கு முன்னால் நீங்கள் போய்விட்டு வந்திருந்தால் உங்களுக்கு மரியாதை.

நான் சொன்ன அளவு எட்டுக் கிண்ணத்துக்கு வரும். உங்கள் பக்கம் ஆறு பேர் என்பதை எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்.